பிழைத்த நாலு கன்றுகள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே கால். பத்து காஜாவிலிருந்து ஈப்போ போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ரப்பர் ஆய்வு நிலையத்துச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"நான் வளத்ததுல முந்நூறு ரப்பர் கன்னு செத்துப்போச்சுக்கா. பாஸ் சந்தோசமா சிரிக்கிறாரு."

"உன்ன வேலையவிட்டுத் தூக்கிட்டாரா?"

"நானும் அப்படித்தான் பயந்தேன். காண்ட்ராக் இந்த மாசத்தோட முடியுதுல்ல. இலை நோய வேணும்னே பரப்பிப் பாக்குறோம், ரெண்டு வருசமா ஒன்னுகூட தாங்கல. இந்தத் தடவ நாலு பச்சையா நிக்குது."

"நாலுதானா?"

"நாலு போதும்லா. அதுலேருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கலாமாம். காண்ட்ராக்கையும் நீட்டிட்டாரு."

"அப்புறம் ஏன்டி மூஞ்சி இப்படி?"

"நாளைக்கு லீவுக்கா. அதுங்களுக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

"காலையில வாரேன். என் மோட்டார் சைக்கிள்ல போலாம்."