பாமன்கடையில் தனியாக நடந்த குற்றம்

"ஹலோ… ஓம் சேர், லவன்தான்… ஓம்… ஓம் சேர், நடந்தனான்தான். பாமன்கடைச் சந்திப் பக்கம்… ஓம், தனியத்தான்."

குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. விடிய நாலு நாற்பதுக்கு, வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில், ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் வெறும் காலுறையுமாக லவன் கதிரை நுனியில் இருந்தான். அழைத்தவர் சிவபாதசுந்தரம். ஓய்வுபெற்ற அதிபர், ஒரு ரீச்சரின் கணவர், பத்தாம் வகுப்பில் லவனுக்குக் கணிதம் படிப்பித்தவர், இப்போது கடலோரக் காலைநடை ஒன்றியத்தின் தலைவர். அதன் செயலாளர் லவன். செயலாளர் ஒன்றியத்துக்குத் தெரியாமல் நடந்துவிட்டார் என்பதுதான் வழக்கு.

"ஆர் கண்டது?… றேமண்டோ? பொருளாளர் விடிய அஞ்சு மணிக்கு பேக்கரிக்குள்ள என்ன செய்தவராம்?… இல்லை சேர், நான் குறுக்குக் கேள்வி கேக்கேல்லை. கொழுப்புக் கூடின மனுசன் மாலு பாண் வாங்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் எண்டு சொன்னனான்."

பதினொரு கிழமைக்கு முன்னர் டொக்டர் ஷிம்னா அவனுடைய இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று மாதம், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் நடை; சீனி இறங்காவிட்டால் ஊசி. லவன் மறுநாளே புதுச் சப்பாத்தோடு கடலோர மரைன் ட்ரைவ் வீதிக்குப் போனான். அங்கே மதிலோரம் ஆறு கனவான்கள் நின்றார்கள். அவன் செய்த பிழை, வணக்கம் சொன்னதுதான். நம்மவர் ஆறு பேர் ஓரிடத்தில் நின்றால் ஏழாவதாக வருபவன் செயலாளர். ஒருவர் பிரேரித்தார், ஒருவர் ஆமோதித்தார், அவனுடைய கையெழுத்து அழகானது என்று சேர் சாட்சி சொன்னார்.

அன்றிலிருந்து காலை ஐந்தரைக்குத் தேவாரம், யாரோ ஒருவரின், கனடாவில் காலமான மைத்துனருக்கு மௌன அஞ்சலி, முந்திய நாள் கூட்டறிக்கை, அதில் திருத்தங்கள். சீருடை பெனியன் நீலமா பச்சையா என்பதில் மட்டும் இரண்டு கிழமை போனது. பிறகு வீதியைக் கடந்து தேத்தண்ணிக் கடை, வடை, கலைவு. நாலு நாளாகத்தான் லவன் கூட்டத்துக்கு முன்னமே ஒளித்து நடந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு வந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் மரியாதை குறையாமல் எடுத்துச் சொன்னான்.

"மதிலில இருந்து தேத்தண்ணிக் கடைக்கு நாப்பத்திரண்டு காலடி சேர். எண்ணினனான்… ஓம், திரும்பி வாறதையும் சேத்தா எண்பத்திநாலு. உங்கட கணக்குச் சரி."

மணிக்கூட்டில் ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. டொக்டர் சொன்ன முக்கால் மணியில் கால்வாசி காதோடு போய்விட்டது. வைத்துவிடலாம். ஆனால் கேத்திர கணிதம் படிப்பித்தவரின் குரலை எப்படி வெட்டுவது? எப்போது எழுந்து நின்றான் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"ஒன்றிய யாப்பு விதியில எத்தினையாம் பிரிவு?… பதினாலோ. ஓம், நான்தான் எழுதினனான், நீங்கள் சொல்லச் சொல்ல… சரி, விளக்கக் கடிதம் ஆருக்கு அனுப்புறது?… செயலாளருக்கோ. அது நான்தானே சேர்… ஓகோ. எனக்கு நானே அனுப்பி, கிடைச்சது எண்டு நானே பதில் போடோணும்… விளங்குது."

பல்லைக் கடித்தான்.

"அப்ப நான் விலகிறன்… கோவமில்லை சேர்… பொதுக்கூட்டத்தில வைக்கோணுமோ? அதுவரைக்கும் அறிக்கை எழுதிறது ஆர்?… ம்."

குசினி வாசலில் மனைவி சிவானி வந்து நின்று, அவனுடைய சப்பாத்தில்லாத காலைப் பார்த்தாள். லவன் சுவர்ப் பக்கம் திரும்பினான். குரல் தணிந்தது.

"சேர், என்ர அப்பாவை உங்களுக்குத் தெரியும்தானே. முதல்ல ஒரு விரல் எடுத்தவை. பிறகு முழங்காலுக்குக் கீழ. கடைசி வரைக்கும், இல்லாத காலைச் சொறிஞ்சுவிடச் சொல்லிக் கேட்டவர். வாற வியாழக்கிழமை நான் ரத்தம் குடுக்கோணும். எனக்கு நடக்கோணும் சேர். வேறொண்டும் வேண்டாம்."

மறுமுனைக் குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்து, இன்னும் அழுத்தினான்.

"என்ன சேர்?… கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ… ஓ, ரீச்சர் பக்கத்தில படுத்திருக்கிறாவோ… உங்களுக்கும் சீனியோ?… எவ்வளவு?… முந்நூற்றிப் பத்தோ. சாப்பிட முந்தியோ?… ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ… ஓம், வடை. நானும் பாத்தனான், மூண்டு."

பதினொரு கிழமையாகச் சேர்த்து வைத்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் லவன் திரும்பக் கதிரையில் இருந்தான். பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் மற்றச் சப்பாத்தை இழுத்தான்.

"வாங்கோ சேர். அஞ்சேகாலுக்குப் பாமன்கடைச் சந்தி. செருப்போட வராதேங்கோ, கால் வெட்டும்… இல்லை, றேமண்டுக்குச் சொல்லமாட்டன்… கூட்டமோ? தலைவரும் செயலாளரும் இல்லாட்டி கோரம் இல்லை, கூட்டம் நடத்தேலாது. வேற வழியில்லாம அவை இண்டைக்கு நடந்தாலும் நடப்பினம்."

மறுமுனையில் ஏதோ சிரிப்புப் போலக் கேட்டது. லவனுக்கும் வாயோரம் இளகியது. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம்.

"ஓம்… ஓம்… என்ன சேர்?… ரெண்டு பேர்தானே, அதுக்கேன்… உபகுழுவோ?… இல்லை, ஒருத்தரும் பிரேரிக்கத் தேவையில்லை… நான் ஆமோதிக்கேல்லை சேர்… இணைப்பாளர் எண்டா என்ன வேலை?… சேர்… சேர்…"

வாழ்க்கையில் முதல் தடவையாக லவன் சேரின் பேச்சை இடையில் வெட்டினான். அவர் சந்திக்கு வந்து சேருமுன் கொஞ்சத் தூரமாவது நடந்துவிடவேண்டும் என்று படிகளில் இறங்கி ஓடினான்.