ஃபோர்வீல் லிவரைப் பிடித்தவர்கள்

மதுரை மாவட்டம், உத்தமபாளையம் வட்டம், கூடலூர் வடக்குத் தெருவில் வசிக்கும் பீட்டர்ராஜ் மனைவி ஜெயமேரி, வயது 41, தொழில் ஏலத்தோட்டக் கூலி, காவல் நிலையத்தில் ஆஜராகி 1983ஆம் வருடம் நவம்பர் மாதம் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். ஜீப் முதலாளி அய்யாத்துரை அவர்கள் என் மீது கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கும்பல் சேர்த்து அவருடைய ஜீப்பை மறித்ததாகவும், வண்டிச் சாமானைச் சேதப்படுத்தியதாகவும், அவருடைய கையை முறுக்கி எலும்பை முறித்ததாகவும் அதில் கண்டிருக்கிறது. ஜீப்பை மறித்தது உண்மை. மற்றதற்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் மலைமேல் உள்ள ஏலத்தோட்டத்திற்கு ஏலக்காய்ப் பழம் எடுக்க அந்த ஜீப்பில்தான் போய் வருகிறோம். தார்ரோட்டை விட்டுப் பிரியும் இடத்திலிருந்து தோட்டம் வரை மண்பாதை. அதில் வெட்டுப்பாறை ஏற்றம் என்று ஓர் இடம் உண்டு. மழை பெய்தால் அங்கே ஃபோர்வீல் போடாமல் எந்த வண்டியும் ஏறாது. பெரிய கியருக்குப் பக்கத்தில் உள்ள குட்டை லிவரைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்பது அதில் போகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு வண்டியைப் பற்றி அதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஆடி மழையிலிருந்து அந்த லிவர் நிற்காமல் தானாகத் தெறித்து வெளியே வந்துகொண்டிருந்தது. டிரைவர் பொன்னுராஜ் அதைப் பழைய சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினார். அதுவும் போதாமல், முன்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் ஏற்றம் முடிகிற வரை இரண்டு கையாலும் லிவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று ஆனது. நானும் பிடித்திருக்கிறேன். கீழே உள்ள கியர் பெட்டியில் சக்கரத்தின் பல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பொன்னுராஜ் முதலாளியிடம் சொன்னதை நாங்கள் கேட்டிருக்கிறோம். சீசன் முடியட்டும் என்று அவர் சொன்னதையும் கேட்டிருக்கிறோம்.

அதன் பிறகு ஐப்பசியில் ஒரு நாள் காலை நல்ல மழையில் போனோம். அன்றைக்கு முன்சீட்டில் இருந்தது செலின். கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். என் சிநேகிதி சங்கிலியம்மாள் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டுப்பாறை ஏற்றத்தில் பாதி ஏறும்போது லிவர் செலின் கையை உதறிவிட்டுத் தெறித்தது. பின்சக்கரம் சேற்றில் சுற்ற, வண்டி பின்னால் வழுக்கிப் போய்ப் பலாமரத்தில் மோதி நின்றது. மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் சங்கிலியம்மாளின் வலது கால் இருந்தது. அவள் கத்தவில்லை. "ஜெயமேரி, என் தூக்குச்சட்டி கொட்டிருச்சா பாரு" என்று கேட்டாள். மதுரை பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராண்டாவில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் செலினைப் பார்த்து, "ஒரு லிவரைப் பிடிக்கத் துப்பில்ல, ஒரு பொம்பள கால எடுத்துட்டயே" என்றார். செலின் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தெருவிலும் நாலு பேர் அப்படியே பேச ஆரம்பித்தார்கள். சங்கிலியம்மாளின் கால் போனதற்கு அடுத்தபடி எனக்குப் பொறுக்காதது இதுதான்.

அதன் பிறகு ஜீப்பைப் பின்பக்கம் தட்டிச் சரிசெய்து, பச்சைப் பெயிண்ட் அடித்து மறுபடியும் அனுப்பினார்கள். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. நாங்கள் ஏறினோம். வெட்டுப்பாறை ஏற்றத்தின் அடியில் பொன்னுராஜ் வண்டியை நிறுத்தி, டியூபை எடுத்து லிவரில் கட்டினார். நான் "பெட்டியை மாத்தலையா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அதேதான் யக்கா, எண்ணெ மட்டும் ஊத்துனாக" என்றார். நான் கீழே இறங்கினேன். என் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் மடியில் இருந்த அரிவாளால் அந்த டியூபை அறுத்து எறிந்தேன். புகாரில் சொன்ன சேதம் அந்த சைக்கிள் டியூப்தான். வேறு எதையும் நான் தொடவில்லை.

அதன் பிறகு வண்டிக்கு முன்னால் பாதையில் உட்கார்ந்தோம். தோட்டத்து ஆள் ஒருவர் போய்ச் சொல்ல, முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்தார். அவரும் நானும் பேசியது பின்வருமாறு:

"ஏத்தா ஜெயமேரி, பழம் கொட்டிக் கெடக்கு. ஏறச் சொல்லு எல்லாத்தையும்."

"பெட்டிய மாத்துங்க அண்ணாச்சி, ஏறுறோம்."

"வண்டியில ஒண்ணும் இல்ல. பிடிக்கிறவ ஒழுங்காப் பிடிச்சா நிக்கும்."

"அப்ப நீங்க பிடிங்க. நீங்க பிடிச்சு மேல ஏத்திக் காட்டுனா, செலின் மேல தப்புன்னு நானே தெருவுல சொல்றேன். இந்த ஏத்தம் முழுக்க உங்க கால்ல விழுந்து எந்திரிச்சு வாரேன்."

இதை நான் சொன்னேன். அவரை அவமானப்படுத்தவா சொன்னாய் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார்கள். ஆமாம் என்றே எழுதிக்கொள்ளலாம்.

முதலாளி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி முன்சீட்டில் ஏறினார். "ஏலே பொன்னுராஜ், எடுறா" என்றார். பொன்னுராஜ், "வேண்டாம் முதலாளி" என்றார். "எடுறான்னா எடு." நாங்கள் எழுந்து வரப்பு மேல் ஏறி நின்று வழி விட்டோம். பின்னால் யாரும் நிற்க வேண்டாம் என்று நான்தான் சத்தம் போட்டேன். பின்னால் ஆள் பாரம் இல்லாததால் வண்டி லேசாக ஏறியது. பலாமரத்தைத் தாண்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. முதலாளி "அம்மா" என்று கத்தியது எங்களுக்குக் கீழே கேட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. பொன்னுராஜ் ஸ்டியரிங்கை ஒடித்து மண்திட்டில் சாய்த்து நிறுத்தியதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். லிவர் தெறித்து அவருடைய மணிக்கட்டை டேஷ்போர்டு ஓரத்தில் அடித்திருந்தது. நான் அந்தக் கையைத் தொட்டது உண்மை. என் தலைத்துண்டைக் கிழித்து அதற்குக் கட்டுப் போட்டேன். அவருடைய கையில் என் விரல் பட்டது அப்போது மட்டும்தான். முறுக்கினேன் என்பது பொய் என்று பொன்னுராஜைக் கேட்டாலும் தெரியும். பயமில்லாமல் சொல்வாரா என்பது வேறு விஷயம்.

யாரும் சிரிக்கவில்லை. செலின் மட்டும் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வாய்விட்டு அழுது நான் அப்போதுதான் பார்த்தேன்.

அதன் பிறகு நாங்கள் நடந்தே வீடு வந்து சேர்ந்தோம், மறுநாளிலிருந்து அந்த ஜீப்பில் ஏறவில்லை. வேறு ஊர் ஆட்களைக் கூட்டிவரப் பார்த்தார்கள், அவர்களும் விஷயம் கேட்டு ஏறவில்லை. பழம் செடியிலேயே வெடிப்பதாகத் தோட்டத்திலிருந்து நெருக்கடி வந்த பிறகு முதலாளி மதுரைக்கு ஆள் அனுப்பிப் புதுச் சாமான் வரவழைத்தார். கம்பம் மெக்கானிக் வைகுண்டராஜ் கூடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியை ஜாக்கி வைத்து ஏற்றி, பெட்டியைக் கழற்றி மாற்றினார். எங்களுக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்று கேட்டதும் நான்தான். கழற்றிய பல்சக்கரத்தை வாங்கிப் பார்த்தேன். ஆற்றுக் கல் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. அதைச் செலின் கையில் கொடுத்து, "பாத்துக்க, இதத்தான் நீ பிடிச்சுக்கிட்டு இருந்த" என்றேன். அவள் அதை ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

இப்போது அந்த ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறோம். லிவரைத் தள்ளினால் நிற்கிறது. யாரும் பிடிப்பதில்லை.

முதலாளியிடம் வருத்தம் தெரிவித்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எனக்குச் சொல்லப்பட்டது. எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய கை மாவுக்கட்டு பிரித்ததும் சேர்ந்துவிடும். புகாரில் சங்கிலியம்மாள் என்ற பெயரே இல்லை. இதிலாவது இருக்கட்டும் என்பதற்காகத்தான் நானாக வந்து இதைக் கொடுக்கிறேன். வயது 39, பலவேசம் மனைவி, எங்கள் தெருவே. கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் உத்தமபாளையத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

எழுதியதை ஏட்டையா எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள், நான் கேட்டேன். கடைசியில் "இனிமேல் இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. அது நான் சொன்னது அல்ல. அந்த வரியை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும், அடியில் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்த ஒரு வரி நீங்கலாக மேலே உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்) பீ. ஜெயமேரி