ஓட மறுத்த தகப்பனும், ஓடிக் காட்டிய வேதமுத்து ஐயாவும்

சங்கரன்கோவில் நற்செய்திப் படக் குழுவின் தலைவராய் இருந்து ஓய்வு பெறும் உயர்திரு. வேதமுத்து ஐயா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் மடல்

கரிசல் காட்டில் கருணையை விதைத்த கலைஞரே! வெள்ளைத் திரையில் விண்ணரசை விரித்துக் காட்டிய வித்தகரே! அன்பில் அன்னையே, அலுவலில் அனலே, கோபம் வந்தால் குடையைத் தரையில் குத்துகிறவரே! வணக்கம், வணக்கம்!

புகழ்ந்தால் தாங்கள் நெளிவீர்கள் என்று தெரியும். நெளிந்தாலும் நாங்கள் விடுவதாக இல்லை. மாட்டுவண்டியில் புரொஜக்டரை வைக்கோல்மேல் பதனமாய்ப் படுக்க வைத்து, அதன் பக்கத்தில் தாங்கள் வெயிலில் குந்தி, திருவேங்கடம் தொட்டு வாசுதேவநல்லூர்வரை ஊர் ஊராய்ப் படம் காட்டினீர்கள். கடல் கடந்து வந்த அந்தப் படங்களைப் பார்த்த சனம், “தொரமாரு கதை நல்லாத்தான் இருக்கு” என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனது. அந்த ஒரு சொல் தங்களைச் சும்மா இருக்கவிடவில்லை. நம் மண்ணில், நம் மனிதரை வைத்து, நாமே எடுப்போம் என்று, சாவி கொடுத்தால் ஓடும் கேமரா ஒன்றை வரவழைத்தீர்கள். பேசாப் படம்தான். ஆனால் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லத் தாங்கள் இருந்தீர்கள், அது போதாதா!

சபையோரே! இனிச் சொல்லப்போவது ஐயாவுக்குப் பிடிக்காது. ஆகையால் அவரைச் சற்றே விட்டுவிட்டு, உங்களைப் பார்த்துச் சொல்லுகிறோம்.

வேதமுத்து ஐயா முதன்முதலில் எடுத்தது, சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் இளைய மகனின் உவமை. மகனைத் தூரத்தில் கண்டதும் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஓட்டம்தான் படமே என்பது ஐயாவின் எண்ணம். மன்னிப்பைச் சனத்தின் கண்ணுக்குக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. தகப்பனாய் நடிக்க அவருடைய நண்பர் தில்லைநாயகம் பிள்ளை இசைந்தார். வெண்மீசை, உயரம், கம்பீரம், எல்லாம் பொருத்தம். ஆனால் பிள்ளைவாள் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்திலும் அவசரமாய் நடந்தறியாதவர். குளத்தங்கரையில் கேமரா ஓடியது, பிள்ளைவாள் ஓடவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்போல நடந்தார். திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் நடந்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு படச்சுருள்.

“ஓடும்வே!” என்று ஐயா குடையைக் குத்தினார்.

“சொத்த அழிச்சிட்டு வாரவன் முன்னால நான் ஓடணுமாக்கும்? அவன் வந்து கால்ல விழட்டும்வே. நீரு ஓடுவீரா, உம்ம மவனுக்கு?” என்று கேட்டுவிட்டார் பிள்ளைவாள்.

ஐயாவின் ஒரே மகன் ஞானரத்தினம் வாத்தியார் பயிற்சியைப் பாதியில் உதறிவிட்டு வாசுதேவநல்லூரில் சைக்கிள் கடை போட்டதும், “என் வாசலை மிதிக்காதே” என்று ஐயா சொன்னதும், ஆண்டுக்கணக்காய் இருவரும் பேசாததும் ஊரறிந்த சங்கதி. அங்கே படம் காட்டப் போனால்கூட ஐயா அந்தக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அன்று அவருக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. தனக்கே வராத ஒன்றை எந்த முகத்தோடு ஊருக்குக் காட்டுவது? படப்பிடிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரை அவர் மனைவி தங்கபாய் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். “அந்தச் சோறு என்ன பாவம் செஞ்சுது? காலைல மொத பஸ்ஸுக்குப் போய் அவனப் பாத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

துணைக்குப் போனவர் நம் கேமராக்காரர் பெத்துராஜ். “அவன் முதல்ல வரட்டும், பொறவு நான் பேசுதேன்” என்றே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போனாராம் ஐயா. பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். கடை வாசலில் ஞானரத்தினம் குனிந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்! குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, ஐம்பதைக் கடந்த அந்த மனிதர் ஓடினார்.

“எப்பா! மெதுவா... விழுந்துராதீய!” என்று பதறிய மகன், கையைத் துடைக்க நேரமின்றி அப்படியே தாங்கிக்கொண்டார்.

மத்தியானம் மகனையும் கூட்டிக்கொண்டு ஐயா குளத்தங்கரைக்கு வந்தார். கேமராவைப் பார்க்கத் திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகில் பத்து விரலும் கருப்பாய்ப் பதிந்திருந்தன. பிள்ளைவாள் அதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஞானரத்தினத்தின் கையைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“சாவியக் குடும்வே. நான் ஓடுதேன்.”

ஓடினார் பாருங்கள்! வேட்டி தடுக்கியும் நிற்கவில்லை, தலைப்பாகை விழுந்தும் திரும்பவில்லை. இளைய மகனாய் நடித்த சண்முகையாவை அவர் சேர்த்து அணைத்தபோது, ‘போதும்’ என்று சொல்லவேண்டிய வேதமுத்து ஐயா வாயே திறக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார். சாவி தீர்ந்து கேமரா தானாகத்தான் நின்றது.

படத்தைப் பார்த்த மேலிடத்துப் பெரியவர் ஒருவர், எல்லாம் நன்று, அந்தத் தழுவல் மட்டும் நீளம், பாதியை வெட்டிவிடலாம் என்றார். குடை குத்தப்படும் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். ஐயாவோ சிரித்தார்.

“ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுல்லா நிக்காவ. எங்கன வெட்டச் சொல்லுதிய?”

பெரியவர் கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டார்.

ஐயா! திரும்பவும் தங்களிடமே வருகிறோம். தாங்களும் தங்கபாய் அம்மாவும் நோய்நொடி அண்டாமல், பேரன் பேத்தி சூழ, பல்லாண்டு வாழ்க! ஞானரத்தினத்தின் கடை ஒன்று மூன்றாய்ப் பெருகுக! இனி ஊர்தோறும் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பொறுப்பு எங்களுடையது. தகப்பன் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்ளும் அந்த இடம் வரும்போதெல்லாம், அவ்வளவு பேசும் தாங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் நிற்பீர்கள். குரல் கம்மிவிட்டதென்று முதலில் நினைத்தோம். இப்போது தெரியும். அந்த இடத்தில் நாங்களும் பேச மாட்டோம், ஐயா.

தங்கள் அன்பை விட்டு அகலாத,
நற்செய்திப் படக் குழுவினர்
சங்கரன்கோவில், 1957