நாலுக்குக் குறைய மாட்டேன்

...இல்ல சார், நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். பக்கத்துல குந்திகினு வர்றவன் பேசுனா, எழுந்து போயிடறதா? ஆரணியில இந்த சீட்டுல ஒரு அம்மா ஏறி குந்துனாங்க. "திருவண்ணாமலை போறீங்களாம்மா"ன்னு வாயத் தொறந்தேன், அவ்ளோதான். அதோ பாருங்க, நின்னுகினு வர்றாங்க! நீங்க நல்லவரு, எடம் காலியா இருக்குதுன்னு வந்து குந்திகினீங்க. தலைய வெளிய நீட்டாதீங்க சார், எதுக்கால லாரி வருது.

இது சமூகப் புறக்கணிப்பு. சட்டப்படி குத்தம். அதுக்குத்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போய்கினு கீறேன். இன்னிக்கி திங்கக்கெழம, குறைதீர்வு நாளு. மனுவுல எல்லாம் எழுதியாச்சு. டீக்கடையில எனக்கு மட்டும் கிளாஸ தெருவுல நீட்டுறான். சங்கத்துல, நான் பேசி முடிச்ச மைக்க அந்த பாலமுருகன் கைக்குட்டைய சுத்தி வாங்குறான். அவனுக்கு என் தலைவர் நாற்காலி மேல கண்ணு. வூட்ல என் பொண்டாட்டி ஜெயம்... அவ படுக்கைய தறி ரூமுக்கு மாத்திகினா! நாப்பது வருஷக் குடித்தனம் சார்! அவளையும் வெலைக்கு வாங்கிட்டானுங்க.

பச்சையப்பன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? பட்டு நெசவாளர் சங்கம்? தறிநிறுத்தம்? தடியடி? ...இல்லியா. பரவால்ல. நான் பள்ளிக்கூடத்துல படிச்சவன் இல்ல சார், துண்டுப் பிரசுரத்துல படிச்சவன்.

இந்த கழுத்தப் பாருங்க. தைராய்டு. டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? "ஐயா, உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே உங்க தைராய்ட எதிரின்னு நெனச்சி அடிக்குது"ன்னாங்க. நம்ம ஆளே நம்ம ஆள அடிக்கிறான்! உள்கட்சித் தகராறு, எனக்குத் தெரியாததா! உடனே எதிர்ப்பு சக்திய ஏத்தறதுக்கு பவுடரு வாங்கிக் கரைச்சிக் குடிச்சேன். டாக்டரம்மா தலையில கைய வச்சிகினாங்க. "அடிக்கிறவனுக்கே தடி வாங்கிக் குடுக்கறீங்களே ஐயா, நமக்கு வேண்டியது சமநிலை"ன்னாங்க. சமநிலை! அந்த வார்த்தைய நான் முதலாளிங்க வாயிலதான் சார் கேட்டுகீறேன்.

சரின்னு, விடிகாலையில வெறும் வயித்துல அந்த வெள்ள மாத்திரைய ஒழுங்கா போட்டுகினு வர்றேன். கூடவே எங்க அக்கா பையன் ஆகாஷ், போன்ல பாத்து செலினியம்னு ஒரு கேப்சூல் வரவழைச்சான். டாக்டரம்மா கிட்ட காட்டுனேன். "ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, தேவைப்பட்டா ஒண்ணு"ன்னாங்க. ஒண்ணு! முதல்ல சொல்ற தொகைக்கு எவனாவது கையெழுத்து போடுவானா? என் சர்வீஸ்ல நான் போட்டதே இல்ல. அவங்க ஒண்ணுன்னா நாம நாலு கேக்கணும். கேட்டேன். அந்தம்மா பதிலே பேசல, அடுத்த ஆள கூப்ட்டாங்க. பதில் இல்லன்னா ஒத்துக்கினாங்கன்னு தானே அர்த்தம்? அன்னியிலேருந்து நாலு.

பலன் இல்லாமலா? போன மாசம் கூலிப் பேச்சுவார்த்தை. வியாபாரிங்க எல்லாம் ஏசி ரூமுல, கதவு ஜன்னல சாத்திகினு. வருஷக்கணக்கா இழுத்தடிச்ச கும்பல் சார் அது. நான் எழுந்தேன். மேசையில கைய ஊனி, மூஞ்சிக்கு நேரா குனிஞ்சி பேச ஆரம்பிச்சேன். பட்டுக்கடை வேணுகோபால் கண்ணுல தண்ணி வந்துடுச்சி! "பேனா குடுங்க, ஜல்தி பேனா குடுங்க"ன்றாரு. கேட்ட கூலி மொத்தமும்! கையெழுத்த போட்டுட்டு ஓடுனானுங்க சார், ஓடுனானுங்க. என் வாழ்க்கையிலயே பெரிய வெற்றி.

இன்னா சார்? பூண்டா? இதத்தான் எல்லாரும் கேக்குறாங்க! பூண்ட தொட்டே மாசக்கணக்காவுது. ...முடியா? கொட்டுது, சீப்போட வருது. நகமா? ஆமா, ஒடையுது. உங்களுக்கு எப்டி... ஓ, போளூர்ல மெடிக்கல் ஷாப் வச்சிகீறீங்களா! இந்தாங்க, இதான் அந்த செலினியம் டப்பா, நல்லா பாருங்க.

...அளவு மீறினா, மூச்சுல பூண்டு நாத்தம் வருமா.

அப்ப ஜெயம்... பாலமுருகன்...

சார். வேணுகோபால் கண்ணுல தண்ணி வந்தது... என் பேச்சுக்கு இல்லியா?

கொஞ்சமாவது பேச்சுக்கும் இருக்கும் இல்ல? பாதி? கால்வாசி? தலைய ஆட்டுறீங்களே, ஆமான்றீங்களா, இல்லன்றீங்களா?

...இந்த மனுவுல 'எதிரி'ன்னு போட்ட எடத்துல என் பேரத்தான் எழுதணும் போல.

சரி, பேசி முடிச்சிக்கலாம். நாலு வேணாம். மூணு. ...ரெண்டு? ...ஒண்ணுகூட கூடாதா? இன்னா சார் இது, டாக்டரம்மாவே ஒண்ணுன்னாங்க! ...டெஸ்ட் பண்ணிட்டா? சரி, கடைசியா ஒண்ணு சொல்றேன். ஜெயத்துக்காக நிறுத்திடறேன். தீபாவளி போனஸ் பேச்சுக்கு முன்னாடி மட்டும், ஒரே ஒரு வாரம்...

எங்க எழுந்துட்டீங்க? போளூர்னீங்க, இது களம்பூர் சார்! பேச்சுவார்த்தை நடக்கும்போது வெளிநடப்பா? சார்... சார்! டப்பா! டப்பாவ குடுத்துட்டுப் போங்க! கண்டக்டர், வண்டிய நிறுத்துப்பா! ஏம்பா, மூக்க அப்பறமா மூடிக்கலாம், முதல்ல விசிலு ஊது!