ஊரே சம்மதம்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சுரங்கத்துக்காகக் காலி செய்யப்போகும் ஊர்க்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நீங்கள்லாம் ஒத்துக்கினதாலதான் நானும் கைநாட்டு வெச்சேன்" என்றாள் மூத்தவள்.

இளையவள் சட்டென்று திரும்பினாள். "இன்னாக்கா சொல்ற? நாங்க எங்க ஒத்துக்கினோம்? சுரங்க ஆபீசுலேர்ந்து நோட்ட எடுத்துக்கினு வந்தவரு, 'ஊரே சம்மதம் சொல்லிடுச்சி, நீ ஒருத்திதான் பாக்கி'ன்னாரு. ஒண்டியா நின்னா ஊரு ஏசுமேன்னு பயந்து வெச்சிட்டேன்."

"என்கிட்டயும் அதையேதான்டி சொன்னாரு."

"ஒனக்கு முன்னாடி யாரு வூட்டுக்குப் போனாராம்?"

மூத்தவள் யோசித்தாள். "எனுக்கு முன்னாடி ஏது வூடு? ஊருக்குள்ள நொழஞ்சா மொத வூடே எங்களுதுதானே."

நான் குடியிருப்பது சுரங்கக்காரர்களின் குவார்ட்டர்ஸில். அவர்கள் திரும்பிப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று, மடியில் தூங்கும் என் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நாளைக்கே ஆபீசுக்குப் போயி, முடியாதுன்னு சொல்லிடலாமாக்கா?"

"யாருடி நம்புவாங்க? இப்பதான் நெசமாவே ஊரே கைநாட்டு வெச்சிடுச்சே."