பின் இருக்கையில் கனம்

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். ஊரை விட்டு வெளியே போகிற நீளமான சாலை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள், இன்னொரு பக்கம் வெறும் பொட்டல். எதிரே ஒரு வண்டி இல்லை...

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். இது என் நண்பனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. அவர் டிரைவர். வருஷக்கணக்காக ஒரே ஒரு ஆளுக்குத்தான் வண்டி ஓட்டினார். ஒரு நடிகருக்கு.

படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்து போனவர். அப்புறமும் விடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்தார். ஜனங்கள் முன்னைவிடத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

"முன்னாடி நான் ஓடினேன், படம் ஓடல. இப்ப நான் உக்காந்துட்டேன், படம் ஓடுது பாத்தியா?" என்று மாமாவிடம் சொல்லிச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பில் சத்தம் இருக்காது. நெஞ்சில் அவ்வளவு காற்று இல்லை. அதனால் நாற்காலியோடு வேனில் போகும்போது ஏதாவது வேண்டுமென்றால் நாக்கை மேலண்ணத்தில் தட்டுவார். ட்ளக். மாமா ஓரங்கட்டுவார். பெரும்பாலும் உடம்பு நாற்காலியில் சரிந்திருக்கும். மாமா பின்னால் நின்று, அக்குளுக்கடியில் கை கொடுத்து, மேலே தூக்கி உட்கார வைப்பார்.

அன்றைக்கு அவரை அடக்கம் பண்ணியாகிவிட்டது.

தெரு கொள்ளாத கூட்டம். முன்பின் தெரியாதவர்களெல்லாம் தேம்பினார்கள். மாமாவுக்குக் கண் கலங்கவில்லை. "என்ன மனுஷன்யா இவன், கல்லு மாதிரி நிக்கிறான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. தலைக்கு வைத்துத் தூங்கின கை மரத்துப்போகுமே... உள்ளே முழுக்க அப்படி இருந்தது.

ஊர்வலத்தோடு அவருடைய நாற்காலியையும் இடுகாட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். நடிகருடைய அக்கா அங்கிருந்து கிளம்பும்போது சொன்னார். "அந்த நாற்காலிய மட்டும் வீட்டுல சேத்துருப்பா. இங்க விட்டுட்டுப் போக மனசு வரல."

மாமா அதை வண்டியின் பின்பக்கம் ஏற்றினார். எப்போதும்போலக் கொக்கிகளை மாட்டி இறுக்கினார். கிளம்பினார்.

அந்தச் சாலையில்தான்...

ட்ளக்.

கால் தானாக பிரேக்கை மிதித்தது. வண்டி நின்ற பிறகுதான் யோசனையே வந்தது.

"பயமா இல்லையா மாமா?" என்று பிற்பாடு நண்பன் கேட்டிருக்கிறான்.

"ஒண்ணுமே வரலடா. கூப்பிட்டாரு. எறங்கினேன்."

பின்கதவைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. பவுடர் வாசனை. அதோடு படுக்கைப்புண்ணுக்குப் போடுகிற களிம்பின் நெடி. பழக்கப்பட்ட கை. இருட்டில் தடவி நாற்காலிக்குப் பின்னால் போய், குனிந்து, இரண்டு கையையும் கொடுத்தார்.

ஆள் இருந்தது.

ஈரச் சட்டை. சில்லென்ற உடம்பு. மாமா மூச்சைப் பிடித்துத் தூக்கினார். உட்கார வைத்தார். பெல்ட்டைப் போட்டார்.

"சரியா இருக்கா சார்?"

கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தார். பள்ளம் மேடு பார்த்து, அலுங்காமல் ஓட்டினார். அப்போதுதான் அழுகை வந்தது. இன்னொரு தடவை தூக்கக் கிடைத்ததே என்று... வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார்.

வீட்டு வாசலில் அக்கா தனியாக நின்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"அக்கா... சொன்னா நம்ப மாட்டீங்க. சார் வண்டியில இருக்காரு. நான்தான் தூக்கி உக்கார வச்சேன்."

அக்கா திடுக்கிடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அவன் அப்பவே வந்துட்டானேப்பா. நடந்தே வந்துட்டான். கதவத் தட்டினான், தொறந்தேன். மாடிக்கு ஏறிப் போனான்."

மாமா அண்ணாந்து பார்த்தார். மாடியில் விளக்கு இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. வெறுங்கால் தரையில் பதிகிற சத்தம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு... திரும்ப அங்கிருந்து இங்கே. அவசரமே இல்லாமல். நடந்து நடந்து ஆசை தீராத மாதிரி.

இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப... நீ யாரப்பா தூக்கி வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கே?"

மாமா போய்ப் பின்கதவைத் திறந்தார். தெருவிளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாற்காலி காலி. பெல்ட் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நுரை மெத்தையில் ஆழமாக ஒரு பள்ளம்.

அது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது...