பெருக்காத வீடு

"நெலாவுக்குப் போனவன் பொண்டாட்டி அன்னிக்கு வீட்டைப் பெருக்கியிருக்க மாட்டா."

பெரிய மார்க்கெட் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் தன் நாத்தனாரிடம் சொன்னாள். கையில் ஒரு போட்டோ. பாரிஸில் வேலை பார்க்கும் கணவன் அனுப்பியது. மியூசியத்தில், கருகிப்போன ஒரு விண்கலத்தின் பக்கத்தில் நிற்கிறான். படத்தில் கலம் முழுசாக விழுந்திருந்தது, அவன் பாதிதான் தெரிந்தான்.

"இதுலயா அண்ணி போனாங்க?"

"மூணு பேரு. வழியிலயே ஏதோ வெடிச்சுப்போச்சாம். நெலாவுல எறங்காமலே திரும்பிட்டாங்கன்னு ஒங்கண்ணன் எழுதியிருக்காரு."

"உசுரோடயா?"

"ம். நான்தான் அவசரக்காரி. வழியனுப்பிட்டு ஒடனே பெருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும், அவரு தெருமுனை தாண்டறதுக்குள்ள தொடப்பத்தை எடுத்துட்டேன். அழுகையை அடக்க வேற வேலை தெரியல."

"அதுக்காகவா அண்ணன் வராம இருக்குது? லீவு கெடைக்கல."

"ஒவ்வொரு தீபாவளிக்கும் இதையேதான் சொல்றே."

நாத்தனார் போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

"இதைச் சுத்திக் கயிறு கட்டியிருக்காங்களே, எதுக்கு?"

"திரும்பி வந்ததை மறுபடி விடக் கூடாதுன்னுதான். ஒங்கண்ணன் வரட்டும், நானும் கட்டறேன்."